பொட்காஸ்ட் ஒலிப்பதிவுக்கு ஒரு உதவி

வணக்கம் உறவுகளே. குருநகர்க் கடற்றொழிலாளர்களின் அனுபவங்களை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து ஒரு பொட்காஸ்ட் செய்கிறேன். கதைகள் அருமை, ஒலிதான் சரிவரவில்லை. சீமெந்துத் தரை, வெறும் சுவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. ஃபானை நிறுத்தினால் ஐயாமார் வியர்த்துப்போகிறார்கள், போட்டால் இரைச்சல். இருப்பது கண்டென்சர் மைக், அது அறையின் எதிரொலியையும் சேர்த்தே அள்ளுகிறது. சாம்சன் கியூ2யூ போன்ற டைனமிக் மைக்கை வாய்க்கு அருகில் வைத்தால் இது குறையும். யாழ்ப்பாணத்தில் யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் இரவல் தருவீர்களா? வாங்குமுன் அந்த அறையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும்.

மற்றது, ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சலை நீக்கும்போது அவர்களின் பேச்சில் உள்ள உயிரும் போய்விடுகிறது. இரைச்சலை எத்தனை டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறைப்பதோடு நிறுத்துவது நல்லது? செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.