வட சென்னையில் சிறு கலைக்கூடம்: உறுப்பினர், தன்னார்வலர், டிரஸ்டி வேலைகளை எப்படிப் பிரிப்பது?

கல்மண்டபம்_மேற்கு:

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டின் முதல் மாடி, சுமார் 900 சதுர அடி, கலைக்கூடம் நடத்தக் கிடைத்திருக்கிறது. வாடகை கிடையாது. உரிமையாளர் 11 மாத ஒப்பந்தம் போடலாம் என்கிறார். கைவசம் சுமார் 140 படைப்புகள்: நீர்வண்ண, எண்ணெய் வண்ண ஓவியங்கள், பேனர் ஓவியர்கள் தகரத்திலும் துணியிலும் எனாமலில் வரைந்தவை, காசிமேட்டுப் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். மாதம் 100 ரூபாய் சந்தா தர 30 பேர், சனி ஞாயிறு வந்து வேலை செய்ய 12 பேர், டிரஸ்டியாக இருக்க 5 பேர் சம்மதித்திருக்கிறார்கள். அந்த ஐவரில் ஒருவர் ஓவியர், அவருடைய படங்களும் 140இல் உண்டு.

சங்கமாகப் பதிவதா, டிரஸ்டாகப் பதிவதா? யார் எதை முடிவு செய்ய வேண்டும்? ஆரம்பத்து உற்சாகம் ஆறு மாதத்தில் வடிந்துவிடாமல் தன்னார்வலர் வேலையை எப்படி அமைப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசீது_புத்தகம்:

பணம் கொடுக்கிற 30 பேருக்கு ஓட்டு உண்டா என்று முதலில் முடிவு செய்யுங்கள். பதிவு எந்த வகை என்பது அதிலிருந்து தானாக வரும்.

ஓட்டு உண்டு என்றால் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம். குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு, உறுப்பினர் பதிவேடு எல்லாம் கட்டாயம். செயற்குழுவின் காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது. இதில் ஒரு ஆபத்து உண்டு. பொதுக்குழுவுக்கு முந்தைய மாதம் யாராவது 40 பேரைச் சந்தா கட்டிச் சேர்த்தால் 140 படைப்புகளும் அவர்கள் கைக்குப் போய்விடும். சங்கம்தான் என்று முடிவெடுத்தால், சேர்ந்து ஓராண்டு முடிந்தவருக்கே ஓட்டு என்று விதியில் எழுதிவிடுங்கள்.

உங்களிடம் சேகரிப்பு இருப்பதால் நான் டிரஸ்டைத்தான் சொல்வேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகும். வாழ்நாள் டிரஸ்டி என்ற சொல் பத்திரத்திலேயே வர வேண்டாம். மூன்றாண்டுப் பதவி, தொடர்ந்து இரண்டு முறை, பிறகு ஓராண்டு இடைவெளி என்று எழுதுங்கள். வங்கியில் இருவர் கையெழுத்து, அந்த இருவர் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. டிரஸ்ட் கலைந்தால் படைப்புகள் இதே நோக்கமுள்ள இன்னொரு பொது நிறுவனத்துக்குப் போக வேண்டும், டிரஸ்டிகளின் வாரிசுகளுக்கு அல்ல என்ற வரியும் அவசியம். அது இல்லாமல் வரிவிலக்குக்கான வருமான வரிப் பதிவும் நகராது.

ஓவியர் டிரஸ்டியாக இருக்கலாம். ஆனால் அவர் படம் பற்றிய பேச்சு வந்தால் அறையை விட்டு வெளியே போக வேண்டும், போனதை நிகழ்ச்சிக் குறிப்பில் எழுத வேண்டும். அவரிடமிருந்து டிரஸ்ட் பணம் கொடுத்துப் படம் வாங்கவே கூடாது. டிரஸ்டிக்கோ அவர் உறவினருக்கோ டிரஸ்ட் பணத்தில் ஆதாயம் போனால் வரிவிலக்கு கேள்விக்குள்ளாகும். கலைக்கூடச் சுவரில் தொங்குகிற படத்துக்கு வெளியே விலை ஏறும் என்பதும் ஆதாயம்தான்.

வருமான வரிப் பதிவு முதலில் 3 ஆண்டுக்குத் தற்காலிகமாகக் கிடைக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. பழைய குறிப்புகளைப் பார்த்து நிரப்பாமல் ஆடிட்டர் மூலம் செய்யுங்கள். நன்கொடையாளருக்கான வரிச் சலுகையை (பழைய சட்டத்தில் 80ஜி) பெரிதாகச் சொல்லிப் பணம் கேட்காதீர்கள். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அது கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது, பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. லட்சம் மதிப்புள்ள ஓவியத்தைக் கொடுத்துவிட்டு 80ஜி ரசீது கேட்பவரிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

11 மாத ஒப்பந்தத்தை ஏற்காதீர்கள். குறைந்தது 5 ஆண்டு, பதிவு செய்த குத்தகை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதும் சட்டம். காலி செய்யச் சொன்னால் 6 மாத அவகாசம் என்று சேருங்கள். 140 படைப்புகளுக்கு ஒரு மாதத்தில் வேறு இடம் தேட முடியாது.

உப்புக்காத்து:

சட்டம் பற்றி மேலே இருப்பதோடு உடன்படுகிறேன். நான் தன்னார்வலர் பக்கம் மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் படைப்புகள் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் கணக்கு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை மாலை திறந்தால் வாரம் 4 முறை, முறைக்கு இருவர், மாதம் 32 ஆள்முறை. 12 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு மாதம் கிட்டத்தட்ட 3 முறை வரும். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது அதிகம், நீங்கள் பயப்படுகிற ஆறாவது மாதச் சரிவு இதனால்தான் வருகிறது. சனி காலையை விட்டுவிடுங்கள். 24 ஆள்முறை, ஆளுக்கு இரண்டு. ஒரு முறை 3 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். தனியாக யாரையும் உட்கார வைக்காதீர்கள். குழந்தைகள் வகுப்பு நடந்தால் எப்போதும் பெரியவர்கள் இருவர் அறையில் இருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கூடாது. இன்னொன்று, பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்பவரும் பணியாளர்தான். 10 பேர் சேர்ந்துவிட்டால் புகாரை விசாரிக்க உள் குழு அமைக்க வேண்டும். உங்களிடம் 12 பேர்.

கதவைத் திறந்ததும் செய்ய வேண்டியது ஒரே வரிசையில் இருக்கட்டும்: மூக்கால் முகர்ந்து பூஞ்சை நாற்றம் உண்டா, ஈரப்பதமானி என்ன காட்டுகிறது, சுவர் மூலைகளில் ஓதம் உண்டா, தரையில் கரையான் மண் உண்டா, சுவரில் படங்களின் எண்ணிக்கை சரியா. ஐந்து நிமிடம். நோட்டில் தேதி, நேரம், கையெழுத்து. டிஜிட்டல் ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அறைக்கு ஒன்று வாங்குங்கள்.

பாடப்புத்தகத்தில் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் என்று இருக்கும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், மாடி அறையில், அதை எட்ட முயன்று பணத்தைக் கொட்ட வேண்டாம். 65ஐத் தாண்டாமல், ஏறி இறங்காமல் வைத்திருப்பதே இலக்கு. 65க்கு மேல் நீடித்தால் பூஞ்சை கிளம்பும். ஏசியைத் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் ஓட்டி இரவில் நிறுத்துவதுதான் மிக மோசமான வழி. நிறுத்தியதும் வெளி ஈரக்காற்று உள்ளே வந்து, குளிர்ந்திருக்கும் கண்ணாடியிலும் தகரத்திலும் பனித்துவிடும். அதற்கு ஏசி இல்லாமல் மின்விசிறி ஓட்டி, மழைநாளில் ஜன்னலை மூடி, ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்றை வைப்பது மேல். சிலிக்கா ஜெல் மூடிய பெட்டிக்குள்தான் வேலை செய்யும், திறந்த அறையில் வைத்துப் பயனில்லை. பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம், அதன் ஆவி ஆட்களுக்கும் நல்லதல்ல, படைப்புகளுக்கும் நல்லதல்ல.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை அடிக்கிற கிழக்கு, வடக்கு வெளிச்சுவர்களில் எதையும் மாட்டாதீர்கள். மற்ற சுவர்களிலும் படச் சட்டத்தின் பின்பக்கம் கீழ் இரு மூலைகளிலும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று ஓடும். மாட்டுவதற்கு நைலான் கயிறு கூடாது. காசிமேட்டில் நல்ல கயிறு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசை வரும். அது பாரத்தில் மெல்ல நீளும், முடிச்சும் நழுவும். இரண்டு பக்கமும் டி வளையம் திருகி, சுவரில் பிளக் போட்டு, இரண்டு தனித்தனிக் கொக்கிகளில் மாட்டுங்கள். படத்தைத் தூக்கும்போது மேல் சட்டத்தைப் பிடிக்கக் கூடாது, ஒரு கை கீழே, ஒரு கை பக்கத்தில்.

தகரத்தில் எனாமல் ஓவியங்களைத்தான் நான் அதிகம் கவலைப்பட்டுப் பார்ப்பேன். துரு வெட்டிய ஓரத்திலும் ஆணி ஓட்டையிலும் தொடங்கி வண்ணத்துக்கு அடியில் பரவும். மேலே கொப்புளம் தெரியும்போது அடியில் பாதி போயிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மேலே வார்னிஷ் அடிப்பது, 'டச்சப்' செய்வது எல்லாவற்றையும் தன்னார்வலருக்குத் தடை செய்யுங்கள். அவர்கள் செய்யலாம் என்பது மிருதுவான உலர்ந்த பிரஷால் தூசி தட்டுவது மட்டும், அதுவும் வண்ணம் உரியாத இடத்தில். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் துணியில் அடித்துத் துடைக்க வேண்டும். கண்ணாடி மேலேயே அடித்தால் வழிந்து சட்டத்துக்குள் போய்ப் படத்தின் அடிப்பகுதி ஊறும். கிழிந்த காகிதத்தில் செலோ டேப் கூடாது, சில ஆண்டில் பசை பழுப்பாகி உள்ளே இறங்கிவிடும். பழுதுபட்டவற்றுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு ஆய்வகத்தில் கேளுங்கள், 1930களிலிருந்து இருக்கிற பிரிவு அது.

விளக்கு: நீர்வண்ணத்துக்கும் புகைப்படத்துக்கும் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), எண்ணெய் வண்ணத்துக்கு 150 முதல் 200. நேர் வெயில் விழும் ஜன்னலுக்குத் தடித்த திரை.

சாவி இரண்டு, ஒன்று நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவரிடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது, மின்சாரமும் இல்லை. தி.நகரில் இருக்கும் தன்னார்வலரால் அன்று வர முடியாது. நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை தொடங்கும். புகைப்படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியபடி காய விடாதீர்கள். உடனே பிரித்துக் காய வைக்க ஆள் இல்லையென்றால் பாலித்தீன் உறையிலிட்டு வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம்.

மீன்பிடி_நாட்காட்டி:

சந்தா பற்றி யாரும் சொல்லவில்லை. 30 பேர், மாதம் 100, ஆண்டுக்கு 36,000. ஆனால் மாதாமாதம் வசூலிக்க ஒரு ஆள் அலைய வேண்டும், மூன்றாம் மாதமே பாதி நின்றுவிடும். ஆண்டுக்கு ஒரு முறை 1,200 வாங்குங்கள், மாணவர்களுக்கு 200. புதுப்பிக்கும் மாதம் ஏப்ரலாகவோ ஜூனாகவோ இருக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், காசிமேட்டுக் குடும்பங்களுக்கு வருமானம் இல்லாத நேரம். ஜூனில் பள்ளிக் கட்டணம். பொங்கல் மாதமே சரி.

ஆயுள் சந்தா 10,000 என்று அறிவித்து, வருகிற பணத்தை முதல் ஆண்டே பெயின்ட்டுக்கும் விளக்குக்கும் செலவழிப்பது பலர் விழுகிற குழி. அந்த உறுப்பினர் இருபது ஆண்டு இருப்பார், பணம் இருக்காது. அதை மூலநிதி என்று எழுதி வாங்கி வைப்புத்தொகையில் போடுங்கள். ஆறு சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 600 வரும், அதை மட்டும் செலவு செய்யலாம்.

ரசீது_புத்தகம் சொன்னதில் ஒன்றை ஏற்க முடியவில்லை. டிரஸ்டில் உறுப்பினருக்குக் குரலே இல்லை என்றால் இரண்டாவது ஆண்டு எதற்குப் புதுப்பிப்பார்கள்? டிரஸ்டிகள் 7 பேர், அதில் 2 இடம் சந்தா உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது என்று பத்திரத்திலேயே எழுதலாம். வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை மக்களின் கலைக்கூடம் என்று சொல்லிவிட்டு ஐந்து பேர் மட்டும் மூடிய அறையில் முடிவெடுப்பது சரியல்ல.

ரசீது_புத்தகம்:

2 இடம் நியாயம். தேர்தலை டிரஸ்டி கூட்டத்தில் இல்லாமல் உறுப்பினர் கூட்டத்தில், முந்தைய ஆண்டும் சந்தா கட்டியவர்களை மட்டும் வைத்து நடத்துங்கள். ஆனால் எந்தப் படைப்பை ஏற்பது என்பதை ஓட்டுக்கு விடாதீர்கள். ஒரு டிரஸ்டி, ஒரு உறுப்பினர், வெளியிலிருந்து ஓவியம் தெரிந்த ஒருவர் என மூவர் குழு போதும். வெளியாளுக்கு எழும்பூர் கவின்கலைக் கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

கல்மண்டபம்_மேற்கு:

மிகவும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒரு குடும்பம் தாத்தா காலத்துச் செப்புச் சிலை ஒன்றைத் தருகிறேன் என்கிறது. மலேசியாவில் குடியுரிமை வாங்கிவிட்ட ஒருவர் 50,000 அனுப்பத் தயார். வாங்கிக்கொள்ளலாமா? பேனர் ஓவியங்களை நாட்காட்டியில் அச்சடித்து விற்கவும் ஒரு யோசனை.

உப்புக்காத்து:

சிலை 100 ஆண்டைத் தாண்டியிருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் வரும். பதிவுச் சான்று இல்லாமல், எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது என்ற எழுத்து இல்லாமல் மாடிப்படியில்கூட ஏற்றாதீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று வாங்கி வைப்பதும் வேண்டாம்.

மற்ற 140க்கும் உடனே பதிவேடு போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்: 2026.4.12 என்றால் 2026இல் நான்காவதாக வந்த தொகுப்பில் 12ஆவது பொருள். அந்த எண்ணைக் காகிதத்தின் பின்பக்க மூலையில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், கான்வாஸில் என்றால் துணியில் அல்ல, மரச்சட்டத்தில். தகரத்துக்குப் பருத்தி நூலில் அட்டை. முன், பின் படம் எடுத்து ஏற்கெனவே உள்ள சேதத்தைக் குறியுங்கள். கொடுத்தவரிடம் நிரந்தரக் கொடையா, இரவலா என்று கையெழுத்து வாங்குங்கள். இரவல் என்றால் திருப்பும் தேதி இருக்க வேண்டும். 'எப்போதும் சுவரில் தொங்க வேண்டும்' என்ற நிபந்தனையோடு வருவதை மூவர் குழு மறுத்துவிடலாம்.

ரசீது_புத்தகம்:

மலேசியக் குடிமகன் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, அவர் இந்தியாவில் உள்ள தன் வங்கிக் கணக்கிலிருந்து கொடுத்தாலும்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் தன் சேமிப்பிலிருந்து தருவது இதில் வராது. கொடுப்பவரின் பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

நாட்காட்டிக்கு: படத்தைக் கொடையாக வாங்கினாலும் பதிப்புரிமை அதோடு வராது. பொதுவாக அது ஓவியரிடம் இருக்கும், காசு கொடுத்து வரையச் சொன்னவர் வேறொருவர் என்றால் அவரிடம். அச்சிட எழுத்தில் தனி அனுமதி வேண்டும். அதில் காலத்தைக் குறிக்காவிட்டால் 5 ஆண்டுதான், இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள்தான் செல்லும். இரண்டையும் எழுதுங்கள், ஓவியருக்கு எத்தனை சதவீதம் என்பதையும். விற்பனையில் தவறேதும் இல்லை. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய ஓவியர்களும் கைவினைப் பொருள் விற்றுத்தான் அந்த இடத்தை நிறுத்தினார்கள். ஆனால் டிரஸ்ட் 'பொதுப் பயன்பாடு' வகையில் (கல்வி, மருத்துவம் போன்றவற்றில் சேராத பொது நோக்கம்) பதிவானால் வணிக வரவு மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சந்தா, நன்கொடை, விற்பனை எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 50,000 என்றால் நாட்காட்டியில் 10,000 வரைக்கும்தான் இடம். முதல் ஆண்டு 100 பிரதி, பிரதி 100 ரூபாய், அதோடு நிறுத்துங்கள்.