ஹெட் சீவின 4ஏ-ஜிஈ: வால்வு பிஸ்டனில முட்டுமா எண்டு பாக்கக் களி போதுமா, டயல் கேஜ் வேணுமா?

கல்லாறு_ட்வின்கேம்
டொயோட்டா 16 வால்வு 4ஏ-ஜிஈ எஞ்சின். ஹெட்டில 0.5 மி.மீ. சீவியிருக்கு. 264 பாகை காம், ஃபோர்ஜ்ட் பிஸ்டன், திருப்பி வைக்கக்கூடிய காம் புல்லி ரெண்டு. பழைய 1.2 மி.மீ. கேஸ்கட்ட வெச்சுக் பிஸ்டனுக்கு மேல களி (பிளாஸ்டிசின்) போட்டுப் பாத்ததில வால்வு-பிஸ்டன் இடைவெளி இன்டேக் 2.3, எக்ஸ்ஹோஸ்ட் 2.4 மி.மீ. கடைசியாப் பூட்டப்போறது 0.8 மெட்டல் கேஸ்கட். மூடலாமா?

கல்முனை_லேத்
மூடுங்க தம்பி. ஆகக் குறைஞ்சது இன்டேக் 80 தவ் (அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டு), எக்ஸ்ஹோஸ்ட் 100 தவ், அதாவது 2 மி.மீ., 2.5 மி.மீ. எண்டு எல்லாரும் ஓதுற கணக்கு புஷ்ரொட் வெச்ச பெரிய வி8க்குச் சொன்னது. அங்க புஷ்ரொட்டும் வளையும், ரொக்கரும் வளையும். இதில காம் நேர பக்கட்டில (வால்வுக்கு மேல இருக்கிற மூடி) ஏறி நிக்குது, வளையுறதுக்கு என்ன இரிக்கி? களி காட்டினாக் காணும்.

வாவிக்கரை
மூட வேண்டாம். களி பிழையில்லை, வைத்த கேஸ்கட் பிழை. 1.2-இல் அளந்துவிட்டு 0.8 போட்டால் ஹெட் 0.4 இறங்கும். 4ஏ-ஜிஈயில் வால்வுகளுக்கு இடையே 50 பாகை, ஒவ்வொன்றும் 25 பாகை சாய்வு. ஆகவே வால்வின் போக்கில் குறைவது 0.36. இப்பவே உங்கள் இன்டேக் 1.94, எக்ஸ்ஹோஸ்ட் 2.04.

அடுத்தது டைமிங். ஹெட் சீவினால் காம், க்ராங்குக்குக் கிட்ட வரும், பெல்ட் மிஞ்சும், காம் பின்தங்கும். 0.5-க்கு ஏறக்குறைய ஒரு க்ராங்க் பாகை. இன்டேக் பின்தங்கினால் இடைவெளி கூடும், அது நல்லது. எக்ஸ்ஹோஸ்ட் பின்தங்கினால் மூடப் பிந்தும், மேலே வரும் பிஸ்டன் அதைத் துரத்திப் பிடிக்கும். இந்த மாதிரிக் காமில் ஒரு க்ராங்க் பாகைக்கு 0.1 மி.மீ. அளவில் போகும், சரியான கணக்கு காமோடு வரும் லிஃப்ட் அட்டவணையில் இருக்கும். புல்லியில் கீறியிருப்பது காம் பாகை என்பதையும் மறக்கக்கூடாது: அதில் 2 நகர்த்தினால் க்ராங்கில் 4. டைனோவில் (பவர் அளக்கும் மெஷின்) போய்ப் புல்லிகளை ஆளுக்கொரு பக்கம் திருப்பினால் நீங்கள் களியில் எடுத்த இலக்கத்துக்குப் பெறுமதியே இல்லை.

கல்முனை_லேத்
கேஸ்கட் கதை சரி, ஒத்துக்கிறன். ஆனா டயல் கேஜ் எண்டு சொல்லுறது லேசு. பக்கட் வால்வ மூடிக் கிடக்கு, ஸ்ப்ரிங்க கையால அமத்த ஏலுமா? இன்னொண்டு: வால்வு விளிம்புக்கும் பிஸ்டன் பொக்கட் (வால்வுக்கு வெட்டின குழி) சுவருக்கும் பக்கவாட்டில எவ்வளவு எண்டு டயல் காட்டாது. ஓவர்சைஸ் வால்வு போட்டா அங்கதான் உரசும். 1.3 மி.மீ. நிக்குதா எண்டு களிய வெட்டினாக் கண்ணால தெரியும்.

வாவிக்கரை
பக்கவாட்டுக்குக் களிதான், அதில் வாக்குவாதம் இல்லை. வால்வில் எண்ணெய் பூசி, பொக்கட்டில் களி ஒட்டி, க்ராங்கை அது ஓடும் பக்கமாகவே ரெண்டு முழுச் சுற்று. இடையில் பின்னுக்குத் திருப்பினால் பெல்ட் தளர்ந்து பொய்க் கணக்கு வரும். பிறகு கழற்றி, நனைத்த பிளேட்டால் குறுக்கே வெட்டி, ஆக மெல்லிய இடத்தை அளக்க வேண்டும். களி வால்வில் ஒட்டிக் கிழிந்திருந்தால் அந்த அளவை எறிந்துவிடுங்கள்.

ஸ்ப்ரிங்குக்கு வழி: முதலாம் சிலிண்டரில் மட்டும் ஸ்ப்ரிங்கைக் கழற்றி, ஹாட்வெயாரில் வாங்கும் மெல்லிய ஸ்ப்ரிங் போடுங்கள். ஷிம், பக்கட், காம், 0.8 கேஸ்கட் எல்லாம் கடைசி எஞ்சினில் இருப்பதுபோல. டயலின் ஊசி பக்கட் ஓரத்தில். எக்ஸ்ஹோஸ்டுக்கு டிடிசிக்கு (பிஸ்டன் ஆக மேலே வரும் இடம்) 20 பாகை முன்னிருந்து, இன்டேக்குக்கு டிடிசியிலிருந்து 20 பாகை பின்வரை, 2 பாகைக்கு ஒருக்கா நிறுத்தி, பக்கட்டை பிஸ்டனில் முட்டும்வரை அமத்துங்கள். டயல் ஓடினதுதான் இடைவெளி. ஆகக் குறைந்தது பெரும்பாலும் 10–15 பாகையில் வரும், டிடிசியில் அல்ல. புல்லியை மாற்றி மாற்றிப் பார்க்க இது மட்டும்தான் வழி, ஒவ்வொரு தடவையும் ஹெட் கழற்றத் தேவையில்லை.

அக்கரைப்பற்று_81
எல்லாரும் வால்வோட நிக்கிறீங்க. லேத் காக்கா, போருக்கும் (சிலிண்டர் துளை) பிஸ்டனுக்கும் இடையில எவ்வளவு விடுறீங்க?

கல்முனை_லேத்
81 மி.மீ. போருக்கு 2618 அலோய் பிஸ்டன் எண்டா 0.08 மி.மீ. 0.03 மாதிரி இறுக்கி விட்டாச் சூட்டில பிடிச்சிரும், அந்த அலோயில சிலிக்கன் இல்லாதமாதிரித்தான், நல்லா விரியும். 4032 அலோய் எண்டாக் கொஞ்சம் குறைக்கலாம். பெட்டிக்குள்ள வாற கடதாசி சொல்லுறதுதான் முதல். நீட்டு ஃபீலர் தகட்ட ஸ்கேர்ட்டோட (பிஸ்டனின்ட கீழ்ப் பக்கம்) விட்டு இழுத்துப் பாத்தாப் போதும்.

வாவிக்கரை
ஃபீலர் தகடு வட்டத்துக்கு வளையாது, ஸ்கேர்ட்டோ முட்டை வடிவம், மேலும் கீழும் ஒரே அளவும் இல்லை. பிஸ்டன் ஊசிக்கு (கஜன் பின்) 90 பாகையில், கடதாசி காட்டும் உயரத்தில் மைக்ரோமீட்டரால் பிஸ்டனை அளந்து, அதே மைக்ரோமீட்டரில் போர் கேஜைப் பூச்சியத்துக்கு வைத்து, போரில் மூன்று உயரம், ரெண்டு திசை.

இங்கத்தைச் சூட்டையும் கணக்கில் எடுங்கள். அளவெல்லாம் 20 பாகை செல்சியசுக்குச் சொல்வது. 32-இல் அலுமினிய பிஸ்டன் 0.022 விரியும், இரும்பு போர் 0.011 தான். அளக்கும்போதே 0.01 குறைவாகக் காட்டும். ஹோன் பண்ணின சூட்டோடு, இல்லாட்டி வெயிலில் கிடந்த ப்ளொக்கை அளந்தால் மறுபக்கம் பிழைக்கும். இரவு முழுக்க எல்லாம் ஒரே அறையில் கிடக்க விட்டு விடிய அளவெடுங்கள். கடற்காற்று அடிக்கிற ஊர், ஹோன் பண்ணின போரைக் கழுவின உடனே எண்ணெய் பூசாவிட்டால் பொழுதுபடுமுன் துரு பிடிக்கும்.

கல்லாறு_ட்வின்கேம்
0.8 வெச்சு டயலில பாத்தாச்சு. இன்டேக் 1.95, எக்ஸ்ஹோஸ்ட் 2.0, டிடிசிக்கு 12 பாகை முன்ன.

கல்முனை_லேத்
7800 ஆர்பிஎம்மில கட் வெச்சு ஓட்டுங்க. ஒண்டும் ஆகாது.

வாவிக்கரை
கட் வைத்தால் எரிபொருள்தான் நிற்கும். நாலாம் கியருக்குப் பதில் ரெண்டாம் கியர் விழுந்தால் 7800 எங்கே நிற்கும்? வால்வு மிதக்கும், அந்த நேரம் காம் சொன்ன இடத்தில் வால்வு இருக்காது. எக்ஸ்ஹோஸ்ட் பொக்கட்டை 0.5 ஆழமாக்குங்கள். முதலில் பிஸ்டனைக் கவிழ்த்து முகட்டின் தடிப்பை அளந்து பாருங்கள், வெட்டின பிறகு 5 மி.மீ.க்குக் குறைந்தால் தொட வேண்டாம், 1.2 கேஸ்கட்டுக்கே திரும்புங்கள்.

கல்முனை_லேத்
1.2 போட்டாக் கம்ப்ரெஷன் இறங்கும். பிறகு என்னத்துக்கு ஹெட்டச் சீவின? வெட்டுறதெண்டா நாலு பிஸ்டனையும் வெட்டித் தராசில நிறுத்துப் பாருங்க, ஒரு கிராமுக்கு மேல வித்தியாசம் வரப்படாது.