.308 ரைஃபிளில் செம்புக் குண்டு சிதறி விழுகிறது: மானுக்கு எந்தத் தோட்டா?

வரகுமணி:
வணக்கம். என்னிடம் இருப்பது .308 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். நான்கு வருடமாக மானுக்கு 150 கிரெய்ன் (குண்டின் எடை, சுமார் 9.7 கிராம்) மென்முனை ஈயக் குண்டுதான். 100 மீட்டரில் மூன்று குண்டும் 3 செ.மீ.க்குள் விழும். போன பருவத்தில் 40 மீட்டரில் ஒரு மானைச் சுட்டேன். குண்டு சப்பை எலும்பில் பட்டு உடைந்துவிட்டது. தோலுரித்தபோது மறுபக்கத் தோலுக்கடியில் ஈயத்தை மூடியிருந்த செம்பு உறை மட்டும் கசங்கி இருந்தது; ஈயம் பொடிப்பொடியாகச் சதையில் கிடந்தது. சப்பை இறைச்சியில் பெரும்பகுதியை வெட்டி எறிந்தேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள், மனசு கேட்கவில்லை.

அதனால் முழுச் செம்புக் குண்டுக்கு மாறினேன், 168 கிரெய்ன். கனமாக இருந்தால் நல்லது என்று நினைத்தேன். இப்போது மூன்று குண்டும் 9 செ.மீ. அகலத்தில் சிதறுகின்றன, அதுவும் பழைய இடத்துக்கு 7 செ.மீ. கீழே. துப்பாக்கியில் கோளாறா, தோட்டாவிலா?

குறிமேடு:
கீழே விழுவதும் சிதறுவதும் வேறு வேறு விஷயம் நண்பரே. தோட்டாவை மாற்றினால் குண்டு படும் இடம் மாறத்தான் செய்யும். கனமான குண்டு மெதுவாகப் போவதால் மட்டும் 100 மீட்டரில் சுமார் 1 செ.மீ. இறங்கும், மீதி, குழல் வேறு விதமாக அதிர்வதால் வருவது. ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கி) திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். சிதறலைத்தான் பார்க்க வேண்டும். குழலின் முறுக்கு, அதாவது குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளம் ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் நீளம், எவ்வளவு? மாற்றுவதற்கு முன் குழலைச் சுத்தம் செய்தீர்களா? குண்டுக்குக் குண்டு ஆறவிட்டீர்களா?

வரகுமணி:
12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சுத்தம் செய்யவில்லை. அடுத்தடுத்துச் சுட்டேன், குழல் கை வைக்க முடியாத சூடு.

ஆற்றுமணல்:
எனக்கு முறுக்கின் மேல்தான் சந்தேகம். செம்பு ஈயத்தைவிட லேசானது: ஒரு கன செ.மீ. செம்பு 8.96 கிராம், ஈயம் 11.34. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். நீளமான குண்டு தள்ளாடாமல் போக வேகமான சுழற்சி வேண்டும். 12 அங்குல முறுக்கு அதற்குக் கொஞ்சம் மந்தம். 168 செம்புக்கு 10 அங்குல முறுக்கு வசதியாக இருக்கும். செம்பில் எடையை ஒரு படி இறக்குவதுதான் வழக்கம், உங்களுக்கு 130 கிரெய்ன் போதும். எடை குறைந்தால் பலம் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். செம்பு உடையாது, முன்பக்கம் பூப்போல விரிந்து எடையில் பெரும்பகுதியோடு உள்ளே போகும். நீங்கள் எலும்பில் பார்த்தது எடைக்குறைவால் வந்ததல்ல, ஈயம் உடைந்ததால் வந்தது.

கருவேலங்காடு:
ஈயத்தை விடத்தான் வேண்டுமா? உறையையும் ஈயத்தையும் பிணைத்துச் செய்த குண்டு எலும்பில் பட்டாலும் அவ்வளவாக உடையாது. உங்கள் ரைஃபிளுக்கு 150 பழகியிருக்கிறது, அதே எடையில் பிணைத்த குண்டைப் பாருங்கள். எதை வாங்கினாலும் முனை வரை உறை மூடிய முழு உறைக் குண்டு மட்டும் வேண்டாம். அது விரியாது, சின்ன ஓட்டை போட்டுக்கொண்டு போய்விடும்; மான் வெகுதூரம் ஓடிச் செத்துக் கிடக்கும். பல இடங்களில் மானுக்கு அது தடையும்கூட.

ஆற்றுமணல்:
பிணைத்த குண்டு நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலும் கொஞ்சம் ஈயம் உதிரும். பிள்ளைகளுக்காக மாற்றுகிறார் என்றால் செம்பே சரி.

வரகுமணி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். செம்புக் கறை நீக்கும் திரவம் விட்டுத் துடைத்தேன். முதல் துணி கரி, அப்புறம் நான்கு துணி செம்புக் கறை கரைந்து நீலமாகவே வந்தது! ஸ்கோப் வளையத்தில் ஒரு திருகு அரைச்சுற்று தளர்ந்திருந்தது, அதையும் முறுக்கினேன். ஆறவிட்டு ஐந்தைந்தாகச் சுட்டேன். 168 இன்னும் 6 செ.மீ. தருகிறது. 130 செம்பு ஐந்தும் 3.5 செ.மீ.க்குள்!

குறிமேடு:
மிக்க மகிழ்ச்சி. மூன்று குண்டை நம்பாமல் ஐந்து சுட்டது நல்ல வேலை. இப்போது 130-க்கு ஸ்கோப்பைச் சரிசெய்து, இன்னொரு நாள் குளிர்ந்த குழலில் முதல் குண்டு எங்கே படுகிறது என்று பாருங்கள். வேட்டையில் அந்த ஒரு குண்டுதான் கணக்கு. செம்பு விரிய வேகம் வேண்டும். படும்போது வேகம் வினாடிக்கு 600 மீட்டருக்குக் குறையாத தூரத்துக்குள் நில்லுங்கள். பல பெட்டிகளிலேயே வேக அட்டவணை இருக்கும். பெட்டியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணையும் குறித்துவைத்து, அதே எண்ணில் பருவத்துக்குத் தேவையானதை இப்போதே வாங்கிவிடுங்கள்.

வரகுமணி:
சரி அண்ணா, நாளைக்கே வாங்கிவிடுகிறேன். 168-ல் மீதி 11 தோட்டா இருக்கிறது. அதை முடிக்க வேண்டுமே என்று வேட்டைக்கு எடுத்துப்போக மாட்டேன், குறிப் பலகையிலேயே தீர்த்துவிடுகிறேன்.