புது கிட்டாரில் ஃபிரெட் முனை கையைக் கிழிக்கிறது, மாற்றிக் கேட்கலாமா?

வணக்கம் நண்பர்களே. மகளுக்கு வாங்கிய புது அக்கூஸ்டிக் கிட்டார் பற்றி உங்களிடம் யோசனை கேட்க வேண்டும். பாலிஷில் ஒரு கீறல்கூட இல்லை, பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கழுத்தின் ஓரமாகக் கையை நகர்த்தினால் குறுக்கே பதித்த ஃபிரெட் என்ற உலோகக் கம்பிகளின் முனைகள் சுரீரென்று குத்துகின்றன, ஐந்தாவதிலிருந்து ஒன்பதாவது வரை ரொம்ப மோசம். விரல்பலகை மரம் காய்ந்து சுருங்கினால் உலோகம் சுருங்காமல் வெளியே நீட்டும், அது தெரியும். ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே இப்படித்தான் இருந்தது, ஆக மரத்தைச் சரியாக உலர்த்தவில்லை, இல்லையென்றால் யாரும் அரம் பிடித்து முனைகளை மழுக்கவில்லை.

அப்புறம் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் பள்ளங்களில் உட்காரும் சின்னப் பட்டை. தந்திகளைச் சும்மா மீட்டினால் டியூனரில் சுருதி சரி, முதல் ஃபிரெட்டில் அழுத்தினால் ஏறிவிடுகிறது. மூன்றாவது ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துப் பார்த்தால் முதல் ஃபிரெட்டுக்கு மேல் மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும், இதில் தடித்த அட்டையே நுழைகிறது. பள்ளம் போதுமான ஆழம் இல்லை.

கழுத்தைக் கணினி இயக்கும் சிஎன்சி எந்திரம் பிசிறில்லாமல் கடைந்துவிடுகிறது, ஃபிரெட்டைச் சமன்செய்ய பிளெக் போன்ற கணினி எந்திரமே இருக்கிறது, ஆனாலும் விலை குறைந்த கிட்டாரில் இந்தக் கடைசிக் கைவேலையில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன். புதிதாகப் பழகும் பிள்ளை விரல் வலியில் தனக்கு வராது என்று விட்டுவிடுமே, அதுதான் என் கவலை.

மாற்றிக் கேட்டால் அடுத்ததும் இப்படியே வருமா? சென்னையில் நட் பள்ளத்தை அளந்து அராவி, முனைகளையும் சரிசெய்து தரும் நம்பகமான ஆள் யார்? கூலி எவ்வளவு ஆகும்? வெளியே கொடுத்தால் வாரண்டி போய்விடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.