புதுப்பிப்பு: காப்ரி ஒருநாள் பயணம், இரண்டு திருத்தங்கள்

இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து காப்ரி தீவுக்குப் போய்வர முன்பு இங்கே போட்ட திட்டத்தில் படகுத்துறையைப் பிரித்துச் சொல்லவில்லை. வேகப்படகு மோலோ பெவெரெல்லோவிலிருந்து, சுமார் 50 நிமிடம். கார் ஏற்றும் ஃபெர்ரி கலாத்தா போர்த்தா தி மாஸ்ஸாவிலிருந்து. மெதுவாகப் போகும், ஆனால் குமட்டல் குறைவு.

அடுத்தது, காப்ரியின் கடற்குகையான நீலக்குகையை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். குகைவாய் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம்தான். துடுப்புப்படகில் மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். படகோட்டி பாறையில் கட்டிய சங்கிலியைப் பிடித்து இழுத்து உள்ளே நுழைப்பார். அலை சற்று எழும்பினாலே மூடிவிடுவார்கள். தீவின் துறைமுகமான மரீனா கிராந்தேயில் இறங்கியதுமே விசாரியுங்கள். மூடியிருந்தால் பஸ்ஸில் தீவின் மேட்டிலுள்ள அனகாப்ரி ஊர், அங்கிருந்து ஒற்றை நாற்காலி லிஃப்டில் 589 மீட்டர் உயர மோன்டே சோலாரோ மலையுச்சி. எனக்குக் குகையைவிட இதுதான் உசத்தி. திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள்.