கொலுப்படி 5-ஆ 7-ஆ: குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

20 செப்டம்பர் 2025

முருகேசன் சித்தப்பா (காலை 6:41): பலமுறை பகிரப்பட்டது: நாளை மகாளய அமாவாசையில் சூரிய கிரகணம். கொலுப்படி கட்டக்கூடாது. பொம்மையைத் தொடவும் கூடாது. எல்லோருக்கும் அனுப்பவும்.

ராஜி: ஐயோ, அப்ப படி எப்ப கட்டுறது? கார்த்திக்கு நாளைக்கு ஒருநாதான் லீவு

கார்த்தி: கிரகணம் நம்ம நேரத்துக்கு ராத்திரி 10:59-லருந்து விடிகாலை 3:23 வரை. இந்தியாவுல தெரியாது. நியூசிலாந்துப் பக்கம்தான்

கமலா அத்தை: தெரியாத கிரகணத்துக்கு நாம ஒண்ணும் பாக்க வேண்டாம் தம்பி. பகல்லயே கட்டிரலாம். கலசமும் ஒரு சாமி பொம்மையும் நாளைக்கு ஏறிட்டாப் போதும். மீதியைத் திங்கக்கிழமை பொறுமையா அடுக்கலாம்.

முருகேசன் சித்தப்பா: சரிக்கா

செல்வி அண்ணி: எத்தனை படி?

முருகேசன் சித்தப்பா: 9. அப்பா காலத்துலருந்து 9 தான்

கமலா அத்தை: அப்ப முற்றம் இருந்துச்சு தம்பி. நம்ம ஸ்டாண்டுல ஒரு படி 9 இஞ்ச் உயரம், 10 இஞ்ச் ஆழம். 9 படின்னா சுவத்துலருந்து 90 இஞ்ச், ஏழரை அடி முன்னால வந்துரும். ஹாலே 10 அடி. குத்துவிளக்கு, கோலம், வர்றவங்க எங்க உக்காருவாங்க? 5 படின்னா 50 இஞ்சோட நின்னுரும். ஒத்தைப்படையா இருந்தாச் சரி. கார்த்தி, போல்ட்டை ஒண்ணொண்ணா இறுக்கிக்கிட்டே போகாத. எல்லாத்தையும் லேசா மாட்டிட்டு, தரையில ஆடாம நிக்குதான்னு பாத்துட்டு இறுக்கு. முதல்லயே இறுக்கினா கடைசி ஓட்டை நேருக்கு வராது.

முருகேசன் சித்தப்பா: 7?

ராஜி: படியில விரிக்க வேட்டி எத்தனை எடுத்து வைக்கணும்த்த?

கமலா அத்தை: 8 முழம் ரெண்டு. 5 படிக்கு மேலருந்து கீழ வரை 95 இஞ்ச் துணி இறங்கும். 4 முழம் கடைசிப் படிக்கு எட்டாது. அகலமும் பாரு, ஸ்டாண்டு 6 அடி, வேட்டி 4 அடிக்குக் கொஞ்சம் மேல. ரெண்டையும் நடுவுல ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி, ஒவ்வொரு படியோட உள்மூலையிலயும் குண்டூசி குத்தணும். இல்லாட்டி ஒரு பொம்மையை நகட்டினா துணியோட சேந்து மத்ததும் வரும்.

செல்வி அண்ணி: விளாச்சேரி தசாவதார செட்டைப் பிரிச்சுட்டேன். ஒரே தூசி. ஈரத்துணியால துடைக்கவா?

கமலா அத்தை: வேண்டாம் வேண்டாம்! மண் பொம்மையில ஈரம் பட்டா வர்ணம் துணியோட வந்துரும். காஞ்ச பெயின்ட் பிரஷ்ஷால மேலருந்து கீழா தட்டி விடு. காகிதக்கூழ் பொம்மைக்கும் அப்படித்தான்.

செல்வி அண்ணி: (படம்) வாமனர் கன்னத்துல எழுத்து அச்சா விழுந்திருக்கு

கமலா அத்தை: பேப்பர்ல சுத்தினதால வந்தது. மழைக்காலத்துல மை ஊறி வர்ணத்துல ஒட்டிக்கும். இந்தத் தடவை பழைய பருத்தித் துணியில சுத்துவோம்.

முருகேசன் சித்தப்பா: போன வருஷம் பேப்பர்ல சுத்தி வச்சது யாரு

ராஜி: அதை விடுங்க சித்தப்பா. மரப்பாச்சி ஜோடி யாருகிட்ட இருக்கு?

செல்வி அண்ணி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முருகேசன் சித்தப்பா: நான் பாத்துட்டேன்

கோமதி பெரியம்மா: என்கிட்டதான் இருக்கு. சென்னையில பத்திரமா இருக்கு.

கமலா அத்தை: இருக்கட்டும் மதினி. நீங்க வச்சிருந்தா என்ன, நான் வச்சிருந்தா என்ன. பொண்ணுக்குப் பட்டுத்துண்டும் மாப்பிள்ளைக்கு வேட்டியும் தைச்சு வச்சிருக்கேன்.

கோமதி பெரியம்மா: பாக்குறேன்

ராஜி: சுண்டலுக்கு 9 பேர் பேர் குடுத்தாச்சு

கார்த்தி: இந்த வருஷம் 10 ராத்திரி. 22-லருந்து அக்டோபர் 1 வரை எண்ணிப் பாரு. ஒரு திதி ரெண்டு நாள் வருது

ராஜி: அப்ப 30-ஆம் தேதிக்கு ஆளே இல்லையே

முருகேசன் சித்தப்பா: எனக்குப் பாசிப்பயறுதான? ராத்திரியே ஊறப் போட்டுர்றேன்

கமலா அத்தை: அது கொண்டைக்கடலைக்குத் தம்பி. பாசிப்பயறு ஒரு மணி நேரம் ஊறினாப் போதும். திறந்த பாத்திரத்துல வேகவிட்டு, நசுக்கினா நசுங்குற பதத்துல தண்ணியை ஒட்ட வடிச்சிரு. குக்கர்ல வச்சா குழைஞ்சிரும். தேங்காயைச் சூட்டோட போட்டு மூடாத, சாயங்காலத்துக்குள்ள ஊசிப்போயிரும். குடுக்கும்போது கலந்தாப் போதும்.

செல்வி அண்ணி: 26 வெள்ளி எனக்குப் புட்டு. பாகுதான் பயமா இருக்கு

கமலா அத்தை: மாவு 2 டம்ளர், வெல்லம் 2 டம்ளர். மாவைக் கோலம் இழுத்தா இழை அறாம விழுற வரைக்கும் வறு. உப்பும் மஞ்சளும் கரைச்ச வெந்நியைத் தெளிச்சுப் பிசிறு. பிடிச்சா நிக்கணும், உதிர்த்தா உதிரணும். அப்புறம் ஆவியில வேகவை. பாகைத் தண்ணியில விட்டு உருட்டி, தட்டுல போட்டா ‘டங்’னு கேக்கணும். அதுக்கு முன்னாடி எடுத்தா புட்டு களியாயிரும். பாகு ஊத்தினதும் சேறாட்டம்தான் இருக்கும். பயந்து மாவு சேக்காத. ஒரு மணி நேரம் மூடி வை, தானா உதிரும்.

செல்வி அண்ணி: சரித்த

ராஜி: மீனாட்சி கோயில் கொலு பாக்க என்னிக்குப் போறோம்?

முருகேசன் சித்தப்பா: சனி ஞாயிறு வேண்டாம், கூட்டம். அக்கா, 7 படி?

கார்த்தி: டேப் கொண்டு வர்றேன். நாளைக்கு அளந்து பாத்துச் சொல்றேன் சித்தப்பா

கமலா அத்தை: பிரிக்கிறதையும் இப்பவே சொல்லிர்றேன். விஜயதசமி வியாழக்கிழமை. அன்னிக்கு ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வச்சிருவோம். மறுநாள் வெள்ளி, பிரிக்க மாட்டோம். சனிக்கிழமை ரெண்டு பேராவது வரணும்.

ராஜி: பாக்கலாம்த்த

கோமதி பெரியம்மா: ராஜி, 30-ஆம் தேதி சுண்டலுக்கு யாராவது பேர் குடுத்தாங்களா?

ராஜி: இல்ல பெரியம்மா

கோமதி பெரியம்மா: ரயில்ல இடம் இருக்கான்னு பாக்குறேன்

கமலா அத்தை: மதினி, மரப்பாச்சியைத் துணியில சுத்தி எடுத்துட்டு வாங்க. பேப்பர் வேண்டாம்.