பிரேக் லீவர் இன்னும் கொழகொழவென்றே இருக்கிறது
பழைய பைக். முன் டிஸ்க் பிரேக்கின் பேடு, ஹோஸ், காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) சீல் எல்லாம் மாற்றிவிட்டேன். செம்பு வாஷர்களும் புதுசு. டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற லீவரை அழுத்திப் பிடித்து காலிப்பர் நிப்பிளைத் திறந்து மூடி ஒரு பாட்டிலே தீர்ந்தது. (பெட்ரோல் டேங்கில் சிந்தியது பெயின்டைத் தின்றது தனிக்கதை.) குமிழி வருவது நின்றுவிட்டது, கசிவும் இல்லை, ஆனாலும் லீவர் கைப்பிடியைத் தொடுகிறது. நாலைந்து முறை வேகமாக அடித்தால் மட்டும் கொஞ்சம் இறுகுகிறது.

உயரத்தில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் (லீவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தி அனுப்பும் பகுதி) ஹோஸ் மாட்டும் போல்ட்டில்தான் காற்று மாட்டியிருக்கும் என்று சந்தேகம். ராத்திரி முழுக்க லீவரை இழுத்துக் கட்டி வைத்தால் போதுமா, இல்லை சிரிஞ்சால் கீழிருந்து ஆயிலை ஏற்ற வேண்டுமா? மாஸ்டர் சிலிண்டர் ரப்பரை மட்டும் மாற்றவில்லை. அதன் வேலையாக இருக்குமோ? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை வண்டியை வெளியே எடுக்கப் போவதில்லை.